செலவு பேரனுடையது, கடன் பாட்டியுடையது

(சுங்காய் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த முதியோர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், பலரும் பேசக் கூசுகின்ற ஒன்றாகும். முன்பின் அறியாத ஒருவன் தொலைபேசியில் பேசிப் பணம் பறித்துவிட்டால், அண்டை அயலாரிடம் சொல்லிப் புலம்புகிறோம். போலீஸ் நிலையத்திற்கும் போகிறோம். அதே செயலைப் பெற்ற மகனோ, தோளில் தூக்கி வளர்த்த பேரனோ செய்யும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. "நம் வீட்டுப் பிள்ளை, யாரிடம் போய்ச் சொல்வது?" என்று இருந்துவிடுகிறோம். முதியோர் பெயரிலுள்ள கடன் அட்டையை அவர்கள் அறியாமலோ, அரைகுறையாக அறிந்தோ குடும்பத்தாரே பயன்படுத்திக் கடனை ஏற்றிவைப்பதைப் பற்றியும், அவ்வாறு நேர்ந்துவிட்டால் செய்யத்தக்கவை யாவை என்பது பற்றியும் விளக்க முற்படுகிறோம்.

இது எழுத்தறிவில்லாத ஏழைகளுக்கு மட்டும் வரும் துன்பம் என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. நியூயார்க் நகரில் பெருஞ்செல்வச் சீமாட்டியாக விளங்கிய புரூக் ஆஸ்டர் அம்மையார் 2007 ஆம் ஆண்டில் தமது 105 ஆவது வயதில் காலமானார். அவருடைய பணத்தை நிருவகித்து வந்தவர் அவருடைய ஒரே மகன் அந்தோணி மார்ஷல். தாயின் கணக்கைப் பார்த்துக்கொண்டதற்காகத் தமக்குத் தாமே ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் சம்பள உயர்வு எழுதிக்கொண்டார் என்பது அவர்மீது மெய்ப்பிக்கப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 2009 இல் தீர்ப்பு வந்தபோது அவருக்கே வயது 85. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. 2006 இல் முதன்முதலாக நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் பிலிப் மார்ஷல் என்னும் பேரர். குற்றவாளியாகக் காணப்பட்டவரின் சொந்த மகன். பாட்டியின் பணத்தை எடுத்தவரும் குடும்பத்தார், அதைத் தட்டிக் கேட்டவரும் குடும்பத்தார்.

28 நாடுகளில் நடைபெற்ற 52 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2017 இல் வெளியிட்ட கணக்கொன்று, 60 வயதைக் கடந்தோருள் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டுக் காலத்தில் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு உள்ளாகின்றனர் என்றும், நூற்றுக்கு ஏறத்தாழ எழுவர் பணவகையில் சுரண்டப்படுகின்றனர் என்றும் கூறுகிறது. வாய்விட்டுச் சொன்னவர்களை மட்டுமே இத்தகைய கணக்கில் சேர்க்க முடியும் என்பதையும் நினைவிற்கொள்வோமாக.

நம் தோட்டப்புறத்திற்கு வருவோம். பால் மரம் வெட்டிய காலத்தில் நம் தாய்மார்களின் கையில் காசு தங்கியதில்லை. சம்பள நாளன்று உறையை வாங்கி, பிரித்தும் பாராமல் கணவரிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிடுவது வழக்கம். மீதமுள்ளது கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் கழிந்துவிடும். அப்படியிருந்தவர்களுக்கு இன்று முதுமையில் சொந்தப் பணம் என்று ஒன்று இருக்கிறது. 1951 இல் தோன்றிய ஊழியர் சேமநிதி இருக்கிறது. சொக்சோ ஓய்வூதியம் சிலருக்கு வருகிறது. தோட்டம் கைமாறியபோது 1980 ஆம் ஆண்டு விதிகளின்படி கிடைத்த பணிநிறுத்த இழப்பீட்டைச் சிலர் வங்கியில் போட்டு வைத்திருக்கிறார்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பலரிடம் உண்டு. சமூக நல இலாகா வழங்கும் முதியோர் உதவித்தொகை 2025 இல் மாதம் 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இவை யாவும் கையில் ரொக்கமாக வருவதில்லை. வங்கிக் கணக்கிற்குச் செல்கின்றன. கணக்கைத் திறக்க ஓர் அட்டையும், ஓர் இரகசிய எண்ணும், ஒரு கைத்தொலைபேசியும் தேவைப்படுகின்றன. அன்று சம்பள உறையைக் கொடுத்த அதே பழக்கத்தில் பாட்டிமார்கள் இன்று அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். உறையில் இருந்தது அந்த மாதத்துச் சம்பளம் மட்டுமே. அட்டைக்குள் இருப்பதோ இன்னும் சம்பாதிக்காத பணம். இவ்வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை.

ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானம் இல்லாதவர்க்கு வங்கிகள் வழக்கமாகக் கடன் அட்டை தருவதில்லை. ஆயின், உதவித்தொகை பெறும் முதியோர்க்கு அட்டை எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். நிரந்தர வைப்புத்தொகையை ஈடாக வைத்தால் அட்டை தரும் வங்கிகள் இருக்கின்றன. சேமநிதியிலிருந்து மொத்தமாக எடுத்த 20,000 வெள்ளியைத் தாத்தா நிரந்தர வைப்பில் போடுகிறார், உடன் வந்த பேரன், "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் தாத்தா" என்கிறான், போடுகிறார். வேறு சில வீடுகளில், சம்பளக்காரராகிய பெரியவர் தம் அட்டைக்குத் துணை அட்டையொன்றை மகனுக்கு எடுத்துக் கொடுக்கிறார். துணை அட்டையை உடையவன் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் முதன்மை அட்டைதாரரே வங்கிக்குக் கடனாளி ஆவார். இன்னும் சிலர், அடையாள அட்டையையும் முகத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பியே மனுச் செய்துவிடுகிறார்கள். படம் எடுப்பது எதற்கென்று கேட்டால், "அரசாங்க உதவிக்கு" என்று விடை வரும். அரசாங்க உதவியின் பெயரால் இது நிகழ்வது எமக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

எவ்வழியில் நடந்தாலும் ஒரு செய்தி பொதுவாக இருக்கும். வங்கியில் பதிவாகியிருக்கும் தொலைபேசி எண் பாட்டியுடையதன்று, பேரனுடையது. செலவுகளைப் பற்றி வங்கி செய்தி அனுப்பத்தான் செய்கிறது. அச்செய்தி, செலவு செய்தவனுக்கே போய்ச் சேருகிறது!

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களாகிய எமக்குக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் மேலே செல்ல மனம் வருவதில்லை. 4,000 வெள்ளி கடன் ஏறியிருப்பதாகக் கொள்வோம். உச்ச வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 18. எனவே ஒரு மாதத்திற்கு 60 வெள்ளி வட்டி. குறைந்தபட்சக் கட்டணம் நூற்றுக்கு 5, அதாவது 200 வெள்ளி. அதில் 60 வட்டிக்குப் போக, முதலில் கழிவது 140 மட்டுமே. உதவித்தொகை 600 வெள்ளியில் மூன்றில் ஒரு பகுதி இதற்கே போய்விடுகிறது. இயந்திரத்தில் ரொக்கமாக எடுத்திருந்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தனிக் கட்டணமும் உண்டு.

இனி, இந்தக் கடனை யார் கட்ட வேண்டும் என்னும் கேள்விக்கு வருவோம். இங்குச் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

அட்டைதாரர் அனுமதியின்றி நடந்த செலவுகளுக்கு அவரைப் பொறுப்பாக்கக்கூடாது என்பதே பேங்க் நெகாராவின் விதி. ஆயினும் அதற்கு நிபந்தனைகள் உண்டு. இரகசிய எண்ணைத் தட்டி நடந்த செலவாயின், அவ்வெண்ணை நீங்களாகவே பிறருக்குச் சொல்லியிருக்கக்கூடாது. அட்டையின் மீதோ, அட்டையுடன் வைத்திருக்கும் காகிதத்திலோ எழுதி வைத்திருக்கக்கூடாது. விவரம் தெரிந்த பின்னர் வங்கிக்குச் சொல்லக் காலந்தாழ்த்தியிருக்கக்கூடாது. எண் தட்டாமல் இயந்திரத்தில் தொட்டுச் செலுத்திய செலவாயின் (250 வெள்ளி வரை இவ்வாறு செலுத்த இயலும்), அட்டையைப் பயன்படுத்தும்படி நீங்களே பிறரிடம் கொடுத்திருக்கக்கூடாது; பிறர் காணக்கூடிய, எடுக்கக்கூடிய இடத்தில் கேட்பாரற்று விட்டு வைத்திருக்கவும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. சொந்த வீட்டில் வைத்திருந்தது குற்றமாகாது. அலமாரியில் இருந்த அட்டையைப் பேரன் எடுத்துப் போயிருந்தால், "வீட்டில் ஏன் வைத்தீர்கள்?" என்று மட்டும் சொல்லி வங்கி தப்பித்துக்கொள்ள இயலாது. எனினும் வீட்டிலும் தக்க கவனத்துடன் வைத்திருக்க வேண்டுமென்றே விதி எதிர்பார்க்கிறது.

ஆகவே, "பேரனிடம் எண்ணைச் சொன்னேன்" என்பதற்கும், "சொல்லவில்லை, எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டான்" என்பதற்கும் இடையே ஆயிரக்கணக்கான வெள்ளி வேறுபாடு இருக்கிறது. அரிசி வாங்கிவர ஒரு முறை எண்ணைச் சொன்ன பாட்டி, பின்னர் நடந்த எல்லாவற்றிற்கும் பொறுப்பேற்க நேரலாம். இது கடுமையான விதி என்றே நாமும் கருதுகிறோம். தோட்டத்து முதியோருள் தாமே இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆயினும் விதி அவ்வாறு இருக்கும்வரை அதை அறிந்து நடப்பதே நமக்குப் பாதுகாப்பு.

அறியாத கடனொன்று தலைகாட்டியதும் முதற்கண் செய்ய வேண்டியது அழுவதுமன்று, பேரனைக் கூப்பிட்டு விசாரிப்பதுமன்று. வங்கியின் இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசிக்கு அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். முடக்குவதற்கு யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. காரணம் சொல்ல வேண்டியதுமில்லை. விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். பேரனை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு வங்கியை அழைப்போர், அந்த இடைவேளையில் இன்னும் சில நூறு வெள்ளி போய்விட்டதைக் காண்பதுண்டு. அதன்பின் சென்ற மாதங்களின் கணக்கறிக்கைகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியையும் எழுத்தறிந்த, இவ்விஷயத்தில் தொடர்பில்லாத ஒருவரைக்கொண்டு படிக்கச் செய்யுங்கள். கோவில் செயலாளரோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ போதும்.

அடுத்த படியில்தான் நெஞ்சு கனக்கிறது. அனுமதியற்ற செலவென்று முறையிட்டால் வங்கி போலீஸ் ரிப்போர்ட் கேட்கும். ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டாம், எந்தத் தோட்டத்திலும் இருக்கலாம். தாய் விட்டுச் சென்ற குழந்தையை இவரே வளர்த்தார். அவன் இன்று கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். 4,000 வெள்ளி அவன் செய்த செலவு. ரிப்போர்ட்டில் உண்மையைச் சொன்னால் பேரன் பெயர் ஏறும். "நான்தான் செலவு செய்தேன்" என்றால் கடன் இவருடையதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, "யாரோ திருடிவிட்டார்கள்" என்று எழுதிக் கொடுக்கும்படி உறவினர்கள் ஆலோசனை கூறுவார்கள். அன்புடன் கூறப்படும் ஆலோசனையாயினும் அது மிகவும் ஆபத்தானது. பொய்யென்று அறிந்தே அதிகாரிக்குத் தகவல் தருவது தண்டனைச் சட்டத்தின் 182 ஆம் பிரிவின்படி குற்றமாகும். பேரன் செய்த குற்றத்திற்குப் பாட்டி ஒரு குற்றம் கூட்டியது போலாகும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். "முதலில் ரிப்போர்ட் செய்துவிடுவோம், பையன் பணத்தைக் கட்டியதும் மீட்டுக்கொள்வோம்" என்று பலர் நம்புகிறார்கள். வழக்குத் தொடர்வதா இல்லையா என்று முடிவு செய்வது அரசாங்க வழக்கறிஞரின் அதிகாரம், புகார் செய்தவருடையதன்று. ஏமாற்றுக் குற்றத்திற்குரிய 420 ஆம் பிரிவில் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறையும், பிரம்படியும், அபராதமும் விதிக்க இடமுண்டு. இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. அம்முடிவின் எடையை முன்னதாகவே அறிந்து எடுக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

அவ்வாறாயின் குடும்பத்திற்குள்ளேயே தீர்த்துக்கொள்வது தவறா? தவறன்று. தொகை சிறிதாக இருந்து, பையன் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, வேலையிலும் இருப்பானாயின் அதுவும் ஒரு வழியே. ஆனால் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள். எவ்வளவு எடுத்தான், மாதம் எவ்வளவு கட்டுவான் என்பதைக் காகிதத்தில் எழுதி, இருவர் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்யுங்கள். பணம் பாட்டி கைக்கு வர வேண்டாம்; நேரே அட்டைக் கணக்கிற்குப் போகட்டும். அட்டையை மூடச் செய்து, மீதமுள்ள பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தருமாறு வங்கியைக் கேட்கலாம். அப்படிச் செய்தாலும், வங்கியின் கண்ணில் கடனாளி பாட்டியே என்பதை மறவாதீர்கள். பையன் இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால் கடிதம் பாட்டி வீட்டிற்குத்தான் வரும். முன்பும் இவ்வாறு செய்தவன், சூதாட்டத்திற்கோ போதைப் பொருளுக்கோ பணம் தேடுபவன், கேட்டால் கையை ஓங்குபவன், இத்தகையோரிடம் சமாதானம் பேசுவதில் பயனில்லை என்பதே எமது கருத்து.

மிரட்டலுக்கு உள்ளானோர்க்குச் சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. 1994 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டுமே உரியதென்று பலர் எண்ணுகிறார்கள். முதுமையினால் தளர்ந்தோர்க்கும் குடும்பத்தின் ஏனைய உறுப்பினர்க்கும் அது பொருந்தும். 2017 இல் நிறைவேறி 2018 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவரின் உடைமையை நேர்மையற்ற முறையில் கையாடி அவருக்குப் பண இழப்பால் மனத்துன்பம் விளைவிப்பதையும் குடும்ப வன்முறை என வகுத்திருக்கிறது. பாதுகாப்பு ஆணை கோர இச்சட்டம் வழி செய்கிறது. சமூக நல அதிகாரியை அணுகலாம். 15999 என்னும் எண்ணில் தாலியான் காசே தொலைபேசிச் சேவை இரவு பகலாக இயங்குகிறது.

போலீஸ் நிலையத்திற்குச் செல்வோர் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, பொருள் விளங்கிய பின்னரே கைநாட்டு வையுங்கள். நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வங்கி முறையீட்டை மறுத்துவிட்டால் அதோடு முடிந்துவிட்டதென்று திரும்பிவிட வேண்டாம். வங்கியின் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்கி, ஆறு மாதத்திற்குள் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்புச் சேவையிடம் செல்லலாம். 2025 சனவரி முதல் இப்பெயரில் இயங்கும் அவ்வமைப்பு பொதுமக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் பெயரில் வேறெங்கேனும் கடன் இருக்கிறதா என்று அறிய, பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். ஓர் அட்டை வெளிப்பட்ட வீட்டில் இரண்டாவதும் இருக்கக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். கடன் கட்ட வழி தெரியாதோர்க்கு, 2006 இல் பேங்க் நெகாரா தோற்றுவித்த ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. ஈப்போவில் அதற்குக் கிளை உண்டு.

கடன் வசூலிப்போர் தொலைபேசியில் சொல்லும் எல்லாவற்றையும் நம்பி நடுங்கவும் வேண்டாம். "திவாலாக்கிவிடுவோம்" என்பார்கள். இன்றைய சட்டப்படி ஓர் இலட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடனுக்காக ஒருவரைத் திவாலாக்க மனுச் செய்ய இயலாது. "சேமநிதியைப் பிடித்துவிடுவோம்" என்பார்கள். சேமநிதி வாரியத்தில் இருக்கும்வரை அப்பணத்தைக் கடன்காரர் எவரும் ஜப்தி செய்ய முடியாது. வெளியே எடுத்து வங்கியில் போட்ட பிறகே அந்தக் காப்பு நீங்குகிறது. 55 வயதானதும் முழுத் தொகையையும் எடுத்தே ஆக வேண்டும் என்பது தவறான எண்ணம். தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக எடுக்கலாம். எஞ்சியதற்கு 100 வயது வரை இலாப ஈவு உண்டு. வாரிசுப் பெயர் கொடுத்திருப்பதனால், நீங்கள் உயிரோடிருக்கும்போதே அப்பணத்தில் அவருக்குப் பங்கு வந்துவிடாது. "என் பெயர்தானே எழுதியிருக்கிறீர்கள், இப்போதே கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம் இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

நினைவு தடுமாறத் தொடங்கிய பெரியவர்களைப் பற்றிக் குடும்பத்தாருக்கு ஒரு சொல். அவர்களிடம் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்வதால் உங்களுக்கு அதிகாரம் வந்துவிடாது. 2001 ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்து பொறுப்பேற்பதே முறை. செலவும் அலைச்சலும் உண்டு. ஆயினும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பழிச்சொல்லிலிருந்து அதுவே காப்பாகும்.

இங்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாட்டியின் வங்கிக் கணக்கில் உங்கள் தொலைபேசி எண் பதிவாகியிருந்தால், அதை இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள். பாட்டியிடம் கைத்தொலைபேசி இல்லையென்றால் ஒரு சாதாரணத் தொலைபேசி வாங்கித் தாருங்கள். அட்டையுடன் கடைக்குப் போகும்போது பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். எண்ணை அவரே தட்டட்டும். விரல் நடுங்கினால் சற்றுக் காத்திருங்கள். அன்று விடியற்காலையில் ஒரு தோட்டத்து மரங்களையெல்லாம் வரிசை தவறாமல் வெட்டி முடித்த கைகள், ஆறு எண்களைத் தட்டப் பழகாமல் போகமாட்டா.

அட்டையோ, வங்கிக் கடிதமோ கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் தனியே காட்டலாம். இரகசிய எண்ணை மட்டும் எம்மிடமும் சொல்ல வேண்டாம். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.